கொல்லிமலையில் தாமரையிடமிருந்து தள்ளி இருந்த கதை

நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் பதினேழு நாள்தான் இருந்தது. அதற்குள் ஒரே ஒரு தடவை தனியாக எங்காவது போய்விட்டு வரலாம் என்று ஜனவரியில் கிளம்பியதுதான் இந்தப் பயணம். நான் கட்டிக்கொள்ளப் போகிற நித்யாவே, "போயிட்டு வாங்க, இனிமே எங்க தனியா போகப்போறீங்க" என்று அனுப்பிவைத்தாள். அந்தப் பெருந்தன்மையை நான் எப்படிப் பாழாக்கினேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். மலைக்குப் போகிற உத்தேசம் இருந்தால் கடைசிவரை படித்துவிடுங்கள்.

தங்கியது கொல்லிமலையில் வாழவந்தி நாடு என்கிற ஊரில், பொன்னுசாமி அண்ணன் வீட்டில். மிளகும் மரவள்ளியும் போடுகிற விவசாயி. ஓர் அறையைப் பயணிகளுக்கு விடுகிறார். சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு எண்ணூறு ரூபாய். கிளம்புவதற்கு முதல் நாள் போன் செய்தபோது சிக்னல் விட்டு விட்டு வந்தது. "வாங்க, வாங்க. ஒண்ணே ஒண்ணுங்க. கண்ணு... தாமரை வந்திருக்குதுங்க. கொஞ்சம் தள்ளி இருந்துக்கோணுங்க."

எங்கள் பக்கத்தில் பிரியமாகப் பேசினால் யாரும் கண்ணுதான். தாமரை என்று சொந்தக்காரப் பெண் யாரோ வந்திருக்கிறாள், மரியாதையாக நடந்துகொள் என்கிறார் மனிதர். நிச்சயம் ஆகப்போகிறவனுக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா? உடனே நித்யாவிடம், "அங்க தாமரைன்னு ஒரு பொண்ணு வந்திருக்காம். நான் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்" என்று பீற்றிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை காலை 6.10க்கு நாமக்கல்லிலிருந்து பைக்கில் கிளம்பினேன். சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி, என் வண்டிக் கணக்கில் 28 கிலோமீட்டர். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கொண்டே போய் நாற்பத்து மூன்றில் கோட்டைவிட்டேன். 8.40க்கு சோளக்காடு. பஸ் நிற்கிற இடத்திலேயே சந்தை; மலைவாழை ஒரு சீப்பு அறுபது ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு பொன்னுசாமி அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஓர் இளம்பெண் காபி கொண்டுவந்தார். இவர்தான் தாமரை என்று முடிவுகட்டி, தரையைப் பார்த்துக்கொண்டே டம்ளரை வாங்கினேன். சாப்பிடும்போதும் மூலையில் போய் உட்கார்ந்தேன். குழம்பு வேண்டுமா என்று அவர் கேட்டால் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னேன். என் கண்ணியத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

பேச்சுத் துணைக்கு வீட்டின் பின்னால் நாலு மாதக் கன்று ஒன்று தனியாகக் கட்டியிருந்தது. கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் முடியே இல்லாமல் வட்ட வட்டமாகச் சாம்பல் நிறம். மேலே மாவு காய்ந்தாற்போல் பக்கு. மூக்குக்கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி அவ்வளவு அழகு. மலை மாடுகளின் ஜாதி அடையாளம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கழுத்தைச் சொறிந்துவிட்டேன், மடியில் தலையை வைத்துக் கொஞ்சினேன், கன்னத்தோடு கன்னம் வைத்து இருபத்தாறு செல்பி எடுத்தேன்.

ஞாயிறு காலை கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம், "வரேங்க, தாமரை" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அது சுமதிங்க. எம் மருமவ" என்றார் பொன்னுசாமி அண்ணன்.

"அப்போ தாமரை?"

"ரெண்டு நாளா கட்டிப்புடிச்சுட்டு இருந்தீங்களே, கன்னு. அதுக்குத்தானுங்க படர்தாமரை."

கன்னுக்குப் படர்தாமரை. நடுவில் இருந்ததைச் சிக்னல் தின்றுவிட்டது. ஏன் என்னைத் தடுக்கவில்லை என்று கேட்டேன்.

"போன்லயே சொன்னேனுங்களே. சொல்லியும் தொட்டீங்க. டவுன்காரங்க, ஊசி கீசி போட்டுட்டு வந்திருப்பீங்கன்னு இருந்துட்டேனுங்க. பழைய கயிறு ஒண்ணு வாங்கியாந்தேன், அதுலருந்து வந்திருக்கும்னு மாட்டு டாக்டர் சொல்றாருங்க. உதிர்ந்த முடியில, கயித்துல, ஒரசிக்கற கம்பத்துல எல்லாம் மாசக்கணக்குல கெடக்குமாம். எளங்கன்னுக்குச் சீக்கிரம் புடிக்குமாம். மனுசனுக்கும் ஒட்டுமுங்க."

ஒட்டியது. பத்தாம் நாள் வலது கன்னத்தில் சிவப்பாக ஒரு வட்டம். ஓரம் தடித்து, நடுவில் வெளுத்து, ஒரே அரிப்பு. மோதிரம் மாற்ற ஒரு வாரம் இருக்கும்போது எனக்கு மட்டும் முன்கூட்டியே ஒன்று விழுந்துவிட்டது. பூஞ்சைதான், களிம்பு தடவினால் மூன்று நாலு வாரத்தில் போய்விடும் என்றார் தோல் டாக்டர்.

அன்று மாலை வீடியோ காலில் நித்யா, "கன்னத்துல என்னங்க அது?" என்றாள்.

"தாமரை" என்றேன்.

லைன் கட்டானது. அடுத்த இரண்டு மணி நேரம் அவள் போனை எடுக்கவில்லை. இருபத்தாறு படங்களையும் அனுப்பினேன். போதாதென்று பொன்னுசாமி அண்ணனைக் கெஞ்சி அவளிடம் பேசவைத்தேன். "அட ஆமாங்க கண்ணு, தாமரை கன்னுக்குத்தானுங்க" என்று அவர் சாட்சி சொன்னதில் அவளுக்கு இன்னும் குழப்பம். கடைசியில் அவளே கூப்பிட்டாள். "எங்கூட எடுத்த ஒரு போட்டோவுலயாவது இப்படி சிரிச்சிருக்கீங்களா?"

நிச்சயதார்த்தம் நடந்தது. எல்லாப் படத்திலும் இடது கன்னத்தைத்தான் காட்டிக்கொண்டு நிற்கிறேன். போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: கன்றோ நாயோ பூனையோ, முடி கொட்டிய வட்டம் தெரிந்தால் வீட்டுக்காரரைக் கேட்காமல் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், துண்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் சரியில்லை என்றால் இன்னொரு முறை போன் செய்யுங்கள்.

போன வாரம் பொன்னுசாமி அண்ணன் கூப்பிட்டார். கன்றுக்கு வட்டமெல்லாம் மறைந்து முடி வளர்ந்துவிட்டதாம்; கல்யாணம் முடிந்ததும் இரண்டு பேரும் வர வேண்டுமாம். நித்யாவிடம் சொன்னேன். வருகிறேன் என்றாள், ஒரே ஒரு நிபந்தனை.

"போட்டோ நான் அதுகூட எடுத்துக்குவேன். நீங்க கொஞ்சம் தள்ளி இருந்துக்கோணும்."