மணற்கல்லில் வைத்த நிலை

போன வாரம் பக்கத்து மனையில் ஒரு லாரி நிறைய ராஜஸ்தானத்துக் கல் வந்து இறங்கியது. வீட்டு முகப்பில் ஒட்டுவதற்காம். இளஞ்சிவப்பில், விரற்கடை கனத்தில், பலகை பலகையாக அறுத்த மணற்கல். தூசி போக ஒருவன் அதன்மேல் தண்ணீர் பீய்ச்சினான். அந்த வாசனை சன்னல் வழியாக வந்ததும் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினேன். முதல் மழைப் புழுதியின் மணம் என்று மற்றவர்கள் மூச்சை இழுத்து ரசிப்பார்கள். எனக்கு அது என் அக்கா பிள்ளை பெற்றுப் படுத்திருந்த அறையின் வாசனை.

இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முந்தைய ஆண்டு, ஐப்பசி. ஆண்டு, மாதங்களில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். வீட்டில் யாரும் என்னோடு இதில் வாதாட வருவதில்லை. அப்போது அரியலூர் ரயில் நிலையச் சரக்குக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தேன். அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் அங்கிருந்து கிழக்கே, மாட்டுவண்டியில் அரை நாள். எங்களுக்கு அம்மா இல்லாததால் தலைப்பிரசவம்கூடப் புகுந்த வீட்டில்தான். அக்காவின் புருஷன், என் மாமா, பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லைப் பக்கம் எங்கோ இருந்தார். சில மாதங்களாகக் கடிதம் வரவில்லை.

அக்கா பிள்ளை பெற்றது, அவர் கடைசியாக லீவில் வந்தபோது பழைய கொட்டகைக்குப் பக்கத்தில் அவசரம் அவசரமாகக் கட்டிய ஒற்றை அறை வீட்டில். செங்கல் சூளைக்கு விறகு இல்லை. நல்ல மரமெல்லாம் போருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவர்களுடைய புஞ்சைக் காட்டில் முழ ஆழம் தோண்டினால் மணற்கல் உண்டு. அந்தப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் கடலாகக் கிடந்தது என்பதையும், மணல் படிந்து படிந்து இறுகித்தான் அந்தக் கல் ஆனது என்பதையும் பிற்பாடு படித்தேன். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், தோண்டிய ஈரத்தோடு அது வாழைத்தண்டுபோல வெட்டுப்படும் என்பதுதான்.

நல்ல கல்லுக்கு எங்கள் சீமை எப்போதுமே தவித்திருக்கிறது. கொள்ளிடத்தில் அணை கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரத்து மதிலையே பெயர்த்துக்கொண்டு போனார்கள் என்று ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு, ஒரு வாரம் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்கும் அதில் அக்கறை இல்லை. இருக்கட்டும், அறைக்கு வருகிறேன்.

கட்டியவர் பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார். கருங்கல்லில் கை பழகியவர். கருங்கல்லை நிற்க வைத்தாலும் படுக்க வைத்தாலும் அதற்கு ஒன்றுதான். மணற்கல் அப்படியல்ல, மண்ணுக்குள் எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே சுவரிலும் படுக்க வேண்டும், அதுவும் ஒரு கோடையாவது காய்ந்த பிறகு. மாமாவுக்கு லீவு முடிகிற கவலை. மரத்துக்குப் பதிலாக வாசல் நிலையையும் கல்லிலேயே வைத்துவிடலாம் என்றார். கொத்தனார் இரண்டு நீளக் கல்லை ஈரத்தோடு எடுத்துச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு கல்லைப் போட்டார். மஞ்சள், குங்குமம், மாவிலை, நவதானிய முடிச்சு எல்லாம் வைத்து மாமா பெயரில் பூசை. மறுநாள் அவர் ரயிலேறினார்.

பிள்ளை பிறந்த செய்தி கேட்டு நான் போனபோது அடைமழை. வடக்குப் பார்த்த வாசல். அந்தக் காற்றுச் சாரல் முழுக்க அந்த நிலையின் மேல்தான். இடது பக்கக் கல்லிலிருந்து அப்பளம் போல ஒரு தகடு கழன்று கீழே கிடந்தது. கையால் தடவினேன், மாவாக உதிர்ந்தது. நிமிர்த்தி வைத்த புத்தகத்தின் தாள்கள் மாதிரி கல் அடுக்கடுக்காகப் பிரிந்துகொண்டிருந்தது. மேலே அந்தக் கனத்த கல். அதன்மேல் சுவர், கூரை. உள்ளே அக்காவும் குழந்தையும். அறைக்கு வேறு வழி கிடையாது.

வெளியே கொண்டுவந்துவிடலாம் என்றேன். அக்காவின் மாமியார், என் அத்தை, தலையை ஆட்டிவிட்டார். தீட்டுக் கழியாமல் பிள்ளை பெற்றவள் நிலைப்படியைத் தாண்டக்கூடாது. சரி, நிலையைப் பிரித்துக் கனத்தையாவது இறக்கலாமென்றால், அதற்கு இன்னும் கலங்கினார்.

"எம் புள்ள பேருல வச்ச நெல தம்பி. அவன் எங்க கெடக்கானோ தெரியல. அவன் வராம அதுல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "நீ சாமான் ஏத்துறவன்தானேடா. சீட்டு ஒட்டி என்னய சன்னல் வழியா ஏத்தி வுட்டுரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சன்னலில் ஒரு பூனைகூட நுழையாது.

கொத்தனார் அப்போது இரண்டு ஊர் தள்ளி ஒரு கிணற்று வேலையில் இருந்தார். ஆளனுப்பி வரவழைத்தோம். கல்லைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது. "எங்க ஊருக் கல்லுன்னா யானை முட்டினாலும் நிக்கும்ங்க. இது என்னங்க, அதிரசமா உதிருது" என்று கல்லின்மேல் பழியைப் போட்டார். பிறகு பனங்கட்டைகளை வாசலுக்குள் முட்டுக் கொடுத்தார். முட்டு நின்றது, வாசல் அடைந்துபோயிற்று. மருத்துவச்சி அதற்குள் தவழ்ந்து போய் வந்தார். இன்னொரு தகடு கழன்று விழுந்த சத்தத்தில் குழந்தை வீரிட்டு அழுதது. கொத்தனார் அத்தையிடம் போனார்.

"நெலயத் தொடல ஆத்தா. பின்னால செவுத்தத் தொறக்கறேன். சரின்னு மட்டும் சொல்லுங்க."

அத்தை எழுந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு, பின்சுவர் இருந்த தெற்குப் பக்கம் போய் மழையில் நின்றார். அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டோம். அதிர்ச்சி ஆகாது என்று கொத்தனார் கடப்பாரையைத் தூரப் போடச் சொல்லிவிட்டார். மண்சாந்தை அகப்பைக் காம்பால் சுரண்டிச் சுரண்டி, ஒவ்வொரு கல்லாக மேலிருந்து கையால் உருவினார். நான் வாங்கி வாங்கி வைத்தேன். ஒவ்வொரு கல் அசையும்போதும் என் காது வடக்குப் பக்கமே இருந்தது. ஆள் நுழையும் அளவு திறந்ததும் அக்கா முதலில் குழந்தையை நீட்டினாள். அத்தைதான் முந்தானையில் ஏந்தி வாங்கினார்.

"படியத் தாண்டலயே. செவுத்தத்தானே தாண்டுச்சு" என்று யாரிடமோ வாதாடுவதுபோலச் சொல்லிக்கொண்டார். குடைக்குக் கீழே அக்காவும் வெளியே வந்து கொட்டகைக்குப் போனாள்.

கார்த்திகை மழையில், ஒரு பகலில், முட்டுக் கட்டைகளையும் சேர்த்துச் சாய்த்துக்கொண்டு அந்த நிலை விழுந்தது. உள்ளே யாருமில்லை. ஆனால் அத்தை அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. விழுந்த கல்லை அப்புறப்படுத்தவும் விடவில்லை. போர் முடிந்தும் பல மாதம் கழித்து மாமா வந்தார், இளைத்து, கறுத்து. வடக்கே வந்து கற்குவியலைப் பார்த்துவிட்டு, "வூட்டுக்கு வாசல் எங்கம்மா?" என்று கேட்டார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றி, தெற்குப் பக்கம் அழைத்துப்போனார். அவர் உள்ளே போன பிறகுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். பிறகு அந்தத் திறப்புக்கே மரநிலை வைத்தார்கள். வடக்கு அடைபட்டது.

இப்போது அந்த ஊர் இல்லை. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்க நிலமெல்லாம் போய்விட்டது. மணற்கல் குழி இருந்த காடும் வேலிக்குள்ளே. அத்தை, அக்கா, மாமா, கொத்தனார் ஒருவரும் இல்லை. சென்ற ஆண்டு அக்கா மகனோடு பஸ்ஸில் போய், கம்பி வேலிக்கு வெளியே நின்று அந்தப் பெரும்பள்ளத்தைப் பார்த்தேன்.

"அதோ அந்த எடந்தான் இருக்கும் மாமா. நம்ம வூடு தெக்குப் பாத்த வூடு" என்றான்.

வடக்கு என்று திருத்த வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவன் பிறந்தது அந்த அறையில்தான். ஆனால் அந்த வடக்கு வாசலை அவன் ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. அப்படி ஒன்று இருந்ததைக் கண்ணால் கண்டவர்களில் இன்று மிச்சம் நான் ஒருவன்தான்.