ஒன்பது நிமிடம்

மோகனராஜுக்கு வலது கையில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டையும் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் தகடு அழுத்தும் இயந்திரம் எடுத்துக்கொண்டது, மகள் ரூபினி பிறந்த அதே மாதத்தில். அதற்கு முன்பு அவன் 'கடைசி ஃபெர்ரி' என்ற எங்கள் குழுவில் கீபோர்டு வாசித்தான். நான் ஷேக் அலாவுதீன், டிரம்ஸ். கிட்டாரும் பாட்டும் தலைக்கனமும் சந்திரசேகரன்.

எங்களுடையது புரோக்ரசிவ் ராக். நடுவில் எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் பாட்டு முடிந்திருக்காது. 'நீரோட்டம்' பதினேழு நிமிடம். அதில் ஒன்பது நிமிடம் மோகன் வாசிப்பான், நான் பின்னால் ஏழு அடித் தாளம் பிடிப்பேன். மேடையில் பேர் வாங்கிய பாட்டு, ஆனால் நீளத்தால் எந்தக் கேசட்டிலும் வரவில்லை. ஸ்டூடியோவில் பதிந்த ஒரே ரீல் டேப்பை மோகன் புக்கிட் மெர்தாஜாம் வீட்டில், ஈரம் ஏறாமலிருக்க அரிசி டின்னுக்குள் வைத்திருந்தான். அதை ஓட்டும் மிஷின் அவனிடம் இல்லை. அப்பா வாசித்து ரூபினி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

போன வருடம் எங்கள் சிறந்த பாடல்களை ஒரே இசைத்தட்டாக வெளியிடச் சந்திரசேகரன் ஏற்பாடு செய்தான். மோகன் டேப்பைக் கொடுத்துவிட்டு, "என் மக கேக்கணும்லா, அது போதும்" என்றான்.

ஸ்டூடியோவில் டேப்பை ஓட்டி நகலெடுக்கையில், கீபோர்டு பகுதி தொடங்கியதுமே சந்திரசேகரன் கையை ஆட்டினான். "இவ்ளோ நீளம் இப்ப யாரு கேக்குறா? இத விட்டுடலாம். வேகமா ஓட்டு."

"பழைய டேப்பு அண்ணே, பிஞ்சிரும்" என்றார் ஒலிப்பதிவாளர்.

சந்திரசேகரன் என்னைப் பார்த்தான். எனக்குப் பசி. தலையாட்டினேன்.

வேகமாக ஓட்டியதில் அந்தப் பகுதி முழுவதும் உரிந்து கந்தலானது. முன்பகுதி ஏற்கெனவே நகலாகியிருந்தது; கடைசிச் சரணமும் தப்பியது. கந்தலை அள்ளிக் குப்பையில் போட்டவன் நான். மோகனிடம் சொல்லத் துணிவில்லாத கோழையும் நான்தான்.

வெளியீட்டு விழா ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்தது. மோகன் முழுக்கைச் சட்டை போட்டு, ரூபினியை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தான். 'நீரோட்டம்' ஒலித்தது. "இப்ப வரும்மா" என்றான். கிட்டார் வந்தது. "இந்தா, இப்ப." மறுபடி கிட்டார். பிறகு நேராகக் கடைசிச் சரணம். எல்லோரும் கைதட்டினார்கள்.

"உங்க பார்ட் எங்கப்பா?"

மோகன் அவள் பக்கம் குனிந்தான். "கேட்டியேம்மா. நடுவுல உசந்து போச்சே, அதான்."

"அதுவா? சூப்பரா இருந்துச்சுப்பா!" ரூபினியின் கண் கலங்கிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். பின்னால் நின்ற சந்திரசேகரன் சிரித்தான்.

"டேய், அது என் கிட்டார்லா! உன் பார்ட்ட எடுத்தாச்சு."

மகள் முன்னால் அந்த மனிதன் முகம் போன போக்கை நான் விவரிக்கப் போவதில்லை. சந்திரசேகரன் பக்கம் திரும்பி, "சரி, டேப்ப கொடுத்துரு. வேற எங்கயாச்சும் போட்டுக் காட்டிக்கிறேன்" என்றான்.

"அது பிஞ்சு போச்சு. அலாவுதீன்தான் குப்பையில போட்டான்."

மோகன் மூன்று விரல் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டான்.

ரூபினி என்னிடம் வந்தாள். "அங்கிள், நீங்க கூடவே வாசிச்சிருக்கீங்க. அப்பா எப்படி வாசிச்சாருன்னு கொஞ்சம் பாடிக் காட்டுங்களேன்."

வாயைத் திறந்தேன். அந்த ஒன்பது நிமிடமும் நான் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று முதல் ஏழு வரை, மறுபடி ஒன்று. அது மட்டும்தான் நினைவில் இருந்தது.