கோர்ட்டு கலையும் வரை

என் அக்காவைக் கொன்றவனுக்கு நீதிபதி கொடுத்த தண்டனை, அன்று சாயங்காலம் கோர்ட்டு கலையும் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பது. கூடவே கொஞ்சம் அபராதம். ‘கொன்றவன்’ என்று சொல்லக் கூடாது, ‘கவனக்குறைவால் மரணம் விளைவித்தவர்’ என்று சொல்ல வேண்டும் என்பார், என் தையல் கடைக்குக் கறுப்புக் கோட்டில் பொத்தான் மாட்ட வரும் வக்கீல். அவருக்கென்ன, போனது அவருடைய அக்காவா?

அவன் ஜீப்பு ஓட்டுகிறவன். விடியற்காலையில் போடியிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு, குரங்கணிக்கு மேலே இருக்கும் தோட்டங்களுக்கு ஏலக்காய் எடுக்கக் கொண்டுபோய் விடுவான். அக்காவும் அவள் மகளும் சிலமலையிலிருந்து பஸ்சில் போடிக்கு வந்து அந்த ஜீப்பைப் பிடிப்பார்கள். ஒரு மழை நாளில், குரங்கணி தாண்டி ஒரு வளைவில் வண்டி சறுக்கிச் சரிவில் உருண்டது. மற்றவர்களுக்குக் கை கால் முறிவு. என் அக்கா மட்டும் வண்டிக்கு அடியில் கிடந்தாள். பின்சக்கரங்கள் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தன என்று வண்டியைச் சோதித்த அதிகாரியே கூண்டில் ஏறிச் சொன்னார்.

ஆனால் தீர்ப்பில் வேறு விஷயங்களும் இருந்தன. வண்டி கொள்ளாத அளவுக்குப் பெண்கள் தாங்களாகவே ஏறியிருக்கிறார்கள். ஓட்டியவன் மேல் முன்பு எந்த வழக்கும் இல்லை. சின்னக் குழந்தைகள் இருக்கின்றன. ‘வெரசா போ’ என்று அவனை விரட்டியதே இறந்துபோன பெண்தான். இந்தக் கடைசி விஷயத்தைச் சாட்சி சொன்னது யார் தெரியுமா? அக்காவின் சொந்த மகள். அன்று அவளைப் பளாரென்று அறையலாம் போலிருந்தது எனக்கு.

தீர்ப்பு வந்த நாளில் நான் வீட்டுக்குப் போகவில்லை. அவன் பாதியில் நழுவிவிடுவானோ என்று எதிர்பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். மின்விசிறிக்குக் கீழே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தான். மத்தியானம் அவன் மனைவி கொண்டுவந்த தூக்குச்சட்டியைத் திறக்கவே இல்லை. நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வயிறு எரிந்தது, பசியாலும்தான். அன்றைக்கே, யாரோ ஒருவருடைய கிணற்றிலிருந்து தண்ணீர் மோட்டாரைத் திருடியவனுக்கு மாதக்கணக்கில் ஜெயில் என்றார்கள். என் அக்கா ஒரு மோட்டார் பெறமாட்டாளா? இந்த நீதிபதிகளுக்கு யாரைப் பார்த்து இரக்கம் வருகிறது என்பதே எனக்கு விளங்கவில்லை. கண்ணெதிரே நிற்பவன்மேல் வருகிறது. செத்தவள் எப்படி வந்து நிற்பாள்?

அதனால் அவளுக்குப் பதிலாக நான் நிற்பது என்று முடிவு செய்தேன். தண்டனையைக் கூட்டச் சொல்லி மேல் கோர்ட்டுக்குப் போகும்படி அரசுத் தரப்பிடம் மனு கொடுக்கலாம், அதில் மகள் கையெழுத்து இருந்தால் நல்லது என்றார் வக்கீல். மனுவை அவரே எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு சிலமலைக்குப் போனேன்.

அக்கா மகள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து மனுவை நிதானமாகப் படித்தாள். பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

“தோட்டத்துக்குப் போற எங்க கூட்டத்துல ஒரு வழக்கம் உண்டுல்ல சித்தி, யாரையும் விட்டுட்டுப் போறதில்ல,” என்றாள்.

எனக்குத் தெரிந்த வழக்கம்தான். தோட்டத்தில் கங்காணி பேர் கூப்பிட்டு முடித்த பிறகு போனால் அன்றைக்கு வேலை கிடையாது. அதனால் ஒருத்தி பிந்தினாலும் மற்ற பெண்கள் ஜீப்பை நகர விடமாட்டார்கள். மடிமேல் மடியாக உட்கார்ந்தாவது அவளுக்கு இடம் கொடுப்பார்கள். அப்புறம், பிந்திய நேரத்தைப் பிடிக்க டிரைவரை விரட்டுவார்கள். அன்றும் யாருக்காகவோ காத்திருந்திருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். யார் என்று நான் கேட்டதே இல்லை.

“அன்னைக்கு நான் தூங்கிட்டேன். அம்மா எழுப்பி விட்டுட்டு, முந்துன பஸ்சுல போயி ஜீப்ப நிப்பாட்டி வச்சிருச்சு. அந்த அண்ணே போகணும் போகணும்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. அம்மாதான் விடல. நான் அடுத்த பஸ்சுல வந்து ஏறுன பெறகுதான் வெரசா போகச் சொல்லுச்சு.”

இதைக் கோர்ட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஜீப்பு ஏன் பிந்தியது என்று யாருமே கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளாம்.

தேய்ந்த சக்கரத்தோடு மலையேறியது அவன் குற்றம்தானே, நீ தூங்கியதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று என்னென்னவோ பேசினேன். நான் பேசியதில் தப்பு ஒன்றும் இல்லை. அவளும் மறுக்கவில்லை. பேசி முடிக்கும் வரை பொறுத்திருந்து, மனுவை என் பைக்குள்ளேயே மடித்து வைத்தாள்.

“தண்டனையக் கூட்டிக் கேக்கணும்னா, எனக்கும் சேத்துக் கேளு சித்தி.”

சொல்லிவிட்டு மறுபடியும் துணி அலசப் போய்விட்டாள். அந்த நீதிபதி குறைத்துத்தான் கொடுத்தார் என்று இன்றும் நினைக்கிறேன். அதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் இவளுக்கு யாரும் கொடுக்காத தண்டனையை யாரிடம் போய்க் குறைக்கச் சொல்வது? அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அலசிய துணிகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பிழிந்துகொண்டிருந்தேன்.