இன்ஜின் கொட்டகையில் கடைசி லெவல்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் இன்று காத்துக் கிடந்தபோது, முன்னால் நின்ற டிராக்டரின் சூடான டீசல் வாடை என்னை எங்கள் வயலில் தண்ணீர் இறைக்கும் இன்ஜின் கொட்டகைக்குள் கொண்டுபோய்த் தள்ளியது. கொட்டகை இப்போது இல்லை, அதன்மேல் பைபாஸ் ரோடு போகிறது. அங்கேதான், இன்ஜின் இரைச்சலில் கேமில் வரும் பாட்டுகூடக் காதில் விழாமல், சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா அனுப்பிய உள்ளங்கை அகல வீடியோ கேமை நானும் அவர் மகள் கவிதாக்காவும் விளையாடுவோம். டிவியில் வரும் அதே ஜப்பான் கார்ட்டூன் பையன் பாறைக்குப் பாறை தாவுவான். வயலுக்குத் தண்ணீர் முறை வைப்பதுபோல எங்களுக்கும் முறை உண்டு. அவன் செத்தால் கை மாறும். கடைசி லெவலை மட்டும் ஒன்றாக உட்கார்ந்துதான் முடிக்க வேண்டும் என்பது பேச்சு.

அந்த லெவல் வந்த அன்று, என் முறையில், "மடை உடைஞ்ச மாதிரி இருக்கு, ஓடிப் பாத்துட்டு வாடி" என்றாள் அக்கா. நட்ட நாற்று மூழ்கிவிடுமே என்று கேமை அவள் மடியில் போட்டுவிட்டு வரப்பில் விழுந்தடித்து ஓடினேன். முழங்கால் வரை சேற்றோடு திரும்பியபோது, கேம் முடிந்து திரையில் அதைச் செய்தவர்களின் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"மடை நல்லாத்தானேக்கா இருக்கு?"

நிமிராமலே சொன்னாள், "தெரியும்."