ஒன்பது பேருக்குக் கேட்ட சத்தம்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, என்னோடு நடந்துவந்த ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டார்கள்.

எனக்கு அது தெரியாது. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போய்க்கொண்டிருந்தேன். காலடியில் லேசாக ஒரு அதிர்வு. மூட்டு வலி ஆரம்பித்துவிட்டது போல என்று நினைத்தேன். இருபது அடி தள்ளிப்போய், ஏன் யாரும் பதில் பேசவில்லை என்று திரும்பினால்...

ஒன்பது பேரும் அசையாமல் நிற்கிறார்கள். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. எல்லா முகமும் ஒரே பக்கம். ஒரு அம்மா வாயைப் பொத்தியிருந்தார். பாட்டிலைத் தூக்கிக் குடிக்கப் போனவர் தூக்கியபடியே நிற்கிறார் - தண்ணீர் சட்டையில் வழிகிறது, அவருக்குத் தெரியவில்லை.

அணைத் தண்ணீரில் நின்ற கொக்குகள் அத்தனையும் மேலே கிளம்பிவிட்டன. ஒரு சிறகடிப்புச் சத்தம் இல்லை. டிவியில் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பது மாதிரி இருந்தது.

எங்கே இருந்தேன் என்று சொல்லவில்லையே. வெம்பக்கோட்டை அணைப் பக்கம் ஒரு எடைக்குறைப்பு ரிசார்ட். பத்து நாள் முகாம். முட்டிக்கு ஆபரேஷன் என்றால் பன்னிரண்டு கிலோ குறைத்துவிட்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் போனது டாக்டருக்காக இல்லை. கலவை அறைக்காக.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பட்டாசு ஆலையில் மூட்டை தூக்கியவன். இன்று தாயில்பட்டிப் பக்கம் சொந்தமாகப் பட்டாசு கம்பெனி வைத்திருக்கிறேன். எத்தனையோ படித்தவர்கள் எனக்குக் கணக்கு எழுதுகிறார்கள். ஆனால் வெடிமருந்து கலக்கிற அறைக்கு மட்டும் யாரையும் நம்பியதில்லை. தினமும் காலையில் நானே உள்ளே போய் உட்காருவேன்.

எதற்கு? காதுக்கு.

மருந்தைச் சலிக்கும்போது உராய்ந்து சூடேறினால், தீப்பிடிப்பதற்கு முன்னால் ஒரு சின்னச் சத்தம் வரும். 'சிர்ர்' என்று... காய்ந்த எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்த மாதிரி. அதைக் கேட்டவனுக்கு ஓட மூன்று நொடி கிடைக்கும். என் வாழ்க்கையில் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் உள்ளே இருந்தவர்களை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். புதுப் புது மெஷின் வாங்கலாம் என்று என் மகன் சொல்வான். என் காதை விடவா என்பேன்.

ஒரு மாதமாக முட்டி மடங்கவில்லை. கலவை அறை வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தேன். எடை குறைந்தால் முட்டி சரியாகும், முட்டி சரியானால் மறுபடி உள்ளே உட்காரலாம் - இவ்வளவுதான் என் திட்டம்.

ரிசார்ட்டில் காலையில் வெண்பூசணிச் சாறு, மத்தியானம் கொள்ளுக் கஞ்சி, நடுவில் வயிற்றில் ஈரமண். செல்போனை வாசல் ஆபீஸில் பூட்டி வைத்துவிடுவார்கள். தினமும் ஒரு மணி நேரம் ஹாலில் பேசாமல் கண்ணை மூடி உட்கார வேண்டும். மற்றவர்கள் நெளிவார்கள், முகம் சுளிப்பார்கள். நான் மட்டும் கல்லாக உட்கார்ந்திருப்பேன். எனக்கே பெருமையாக இருந்தது.

"எம்புட்டு அமைதியான எடம்" என்றேன் ஒருநாள், எங்களைக் கவனித்துக்கொண்ட எஸ்தர் சிஸ்டரிடம். ரிட்டையர் ஆன நர்ஸ் அவர்.

பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சிக்குக் குசும்பப் பாரேன். ஜெனரேட்டரு தலைமாட்டுல ஓடுது, மயிலு அந்தக் கத்து கத்துது... அமைதியாம்ல."

மயிலா? நான் ஜோக் அடித்த மாதிரியே நானும் சிரித்துவைத்தேன். எஸ்தர் சிஸ்டர் சிரிக்கவில்லை.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

அவர்கள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். தாயில்பட்டிக்கு மேலே வெள்ளையாக ஒரு புகை எழுந்து நின்றது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டாம். வெடித்திருக்கிறது. எங்கே? யாருடையது? அந்தப் பக்கம்தானே என் கம்பெனி.

ஓடினேன். போன் வாசல் ஆபீஸில் இருக்கிறது. லோடு மூட்டையோடு லாரிக்குப் பின்னால் ஓடியவன் நான்... ஐம்பது அடிகூடத் தாண்டவில்லை. முட்டி இரண்டும் விட்டுவிட்டன. மூச்சு உள்ளே போகவில்லை. என்னைக் கேட்காமலே என் உடம்பு கரைக் கல்லில் உட்கார்ந்துவிட்டது. மூளை 'எழுந்திரு' என்கிறது. கால் யாருடைய காலோ போலக் கிடக்கிறது.

எஸ்தர் சிஸ்டர் பின்னாலேயே வந்துவிட்டார். குனிந்து என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துப் பேசினார்.

"எந்திரிக்காதீக அண்ணாச்சி. நான் போயி போனக் கொண்டாரேன்."

"எல்லாரும் எதுக்கு நின்னீக? புகை வர்றதுக்கு முந்தியே எப்படித் தெரிஞ்சது?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சத்தம் கேட்டுத்தான். தரையே அதிர்ந்துருச்சே... உங்களுக்குக் கேக்கலையா?"

முதலில் போனைக் கொண்டுவரச் சொல்லி வாசல் பக்கம் கையைக் காட்டினேன்.

போன் வந்தது. என் போர்மேன் செல்லச்சாமிக்கு அடித்தேன். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து என்னோடு இருப்பவர். ஸ்பீக்கரைப் போட்டு, சத்தத்தை முழுசாக வைத்து, காதோடு அழுத்திக்கொண்டேன். எப்போதும் அப்படித்தான் பேசுவேன். சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"செல்லச்சாமி, நம்மளா?"

"இல்ல அண்ணாச்சி. பக்கத்துக் கம்பெனி. வெயில்ல காயப்போட்ட சரக்கு. ஆளுக எல்லாம் டீ குடிக்கப் போயிருக்காக, ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. நம்ம ஆளுகளையும் வேலிக்கு வெளிய கொண்டாந்துட்டேன். ஒரு ஆளு கொறையல."

மூச்சு திரும்பியது. அதோடு போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

"ஏலே செல்லச்சாமி... எனக்கு அந்தச் சத்தம் கேக்கல."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"தெரியும் அண்ணாச்சி."

"என்ன தெரியும்?"

"கோவிச்சுக்கிடாதீக. ரெண்டு வருசமாத் தெரியும். காலையில நீங்க கலவ ரூம்புக்குள்ள காலெடுத்து வைக்கையில, பின்னால நின்னு 'அண்ணாச்சி'ன்னு ஒரு தடவ கூப்பிடுவேன். நீங்க திரும்புனா அன்னிக்கு எப்பவும் போல மருந்து. திரும்பலேன்னா, வெடியுப்பு சேக்காம வெறும் பொடியச் சலிக்கச் சொல்லிருவேன். நீங்க பாத்துட்டுப் போன பெறகுதான் நெச மருந்து."

வெடியுப்பு இல்லாத பொடியில் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாலும் வெடிக்காது. அதற்கு முன்னால் தினமும் காதைத் தீட்டிக்கொண்டு காவல் இருந்திருக்கிறேன்.

"எங்கிட்ட சொன்னா என்னலே?"

"சொன்னாக் கேப்பீகளா? உங்களுக்குப் பயந்தும் இல்ல அண்ணாச்சி. 'சிர்ர்'னு வந்தா நாங்க ஓடிருவோம். நீங்க உக்காந்தே இருப்பீக. உங்கள இழுக்க ஒருத்தன் திரும்பி உள்ள வரணும்ல. யாரு வருவான்னு தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். செல்லச்சாமிதான் வருவார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

"எத்தன நாளு திரும்புனேன்?"

"மொத வருசம் ஒரு நாலஞ்சு தடவ..."

"அப்புறம்?"

அவர் பதில் சொல்லவில்லையா, சொல்லி எனக்குக் கேட்கவில்லையா... தெரியவில்லை. எஸ்தர் சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன் - இனிமேல் நானே வந்து நின்றாலும் அந்த அறைக்குள் என்னை விடாதே. "சரி அண்ணாச்சி" என்றார். அது மட்டும் உடனே கேட்டது.

பத்து நாளில் நாலு கிலோ குறைந்திருக்கிறேன். எடைக்கு மெஷின் இருக்கிறது, சர்க்கரைக்கு மெஷின் இருக்கிறது, ஏறி நின்றால் நம்பர் காட்டுகிறது. காது போனதை எந்த மெஷினும் எனக்குக் காட்டவில்லை. போனவனுக்குத்தான் போனது தெரியாதே! சுற்றி இருக்கிறவர்களுக்குத் தெரிகிறது. நம்மிடம் சொல்லாமல், நம்மைச் சுற்றி எல்லாவற்றையும் மெதுவாக மாற்றி வைத்துவிடுகிறார்கள். நாம் ராஜா மாதிரி உள்ளே போய்விட்டு ராஜா மாதிரி வெளியே வருகிறோம்.

காது டாக்டரிடம் காட்டியாயிற்று. அடுத்த வாரம் காதில் மெஷின் மாட்டுகிறார்கள். என் மகன் ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பெரிய மரியாதை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சும்மா சும்மா திரும்பிப் பார்க்கிறேன். சவரம் செய்யும்போது, பேப்பர் பார்க்கும்போது, சாப்பிடும்போது. பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள்.

நேற்று திரும்பியபோது என் மனைவி நின்றிருந்தாள். அப்போதுதான் வாயை மூடினாள்.

எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறாய் என்று நான் கேட்கவில்லை.