இரண்டு ரிங் வந்தால் அண்ணி

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு டெலிபோன் இரண்டு முறை அடித்து நின்றது. நானும் என் கணவரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, அது மறுபடி அடிக்கப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அடிக்கவில்லை!

நான் எழுந்து நின்று கைதட்டினேன். டெலிபோன் அடிக்காததற்காகக் கைதட்டிய பெண் இந்தச் சிங்கப்பூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். அதற்கு முதலில் என் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நான் ஒரு கப்பல் கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவள் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். பகலெல்லாம் கம்பெனிக்கு எழுதுகிறோமே, வீட்டுக்கு வந்து நமக்காகக் கொஞ்சம் எழுதினால் என்ன என்று ஓர் ஆசை. போனஸ் வந்ததும் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டு ஹாலில், மாதா படத்துக்குக் கீழே வைத்தேன். கூடவே ஒரு மோடம். டெலிபோன் வயரையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துவைக்கும் சின்னப் பெட்டி அது.

யாராவது தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து என் நம்பருக்கு போன் செய்தால், என் மோடம் எடுத்துக் கீச்சென்று விசில் அடிக்கும். அந்தப் பக்கத்திலிருந்தும் பதிலுக்கு ஒரு விசில் வரும். அவ்வளவுதான், அறிமுகம் முடிந்தது! அதன்பிறகு அவர்கள் என் பெட்டியில் இருக்கிற கடிதங்களைப் படிக்கலாம், பதில் எழுதலாம், சண்டை போடலாம். எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் எழுதின தமிழ்தான்... என் கம்ப்யூட்டருக்கு இன்னும் அ, ஆ தெரியாது.

உட்லண்ட்ஸில் இருக்கும் டெக்னிஷியன் செல்வம் இதேமாதிரி ஒரு பெட்டி வைத்திருக்கிறார். பாசிர் ரிஸ்ஸுக்குப் புதிதாகக் குடிபோன குணா என்கிற ஆசிரியர் இன்னொன்று வைத்திருக்கிறார். எங்கள் மூன்று பெட்டிகளும் ஒன்றுக்கொன்று தாங்களாகவே போன் செய்து, கடிதங்களை மாற்றிக்கொள்ளும். இங்கே ஒரு நர்ஸ் எழுதிய கேள்விக்கு உட்லண்ட்ஸிலிருந்து யாரோ பதில் எழுதுவார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. இப்போது நடந்துகொண்டிருக்கும் பெரிய யுத்தம், மீன் தலைக் கறிக்குத் தக்காளியா புளியா என்பது. மூன்று பேட்டையும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது!

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்ன தெரியுமா? தலைமை அலுவலகம் கிடையாது. முதலாளி கிடையாது. என் பெட்டியில் என் சட்டம் — பெண்களைக் கிண்டல் செய்தால் வெளியே. செல்வம் பெட்டியில் அவர் சட்டம் — அரசியல் கூடாது, கால்பந்து எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அவரவர் வீட்டுக்கு அவரவர் ராஜா. ஆனாலும் கடிதம் எல்லா வீட்டுக்கும் போகும்.

இப்படி ராணியாக இருந்தவளுக்குத்தான் இரண்டு வாரம் முன்னால் சோதனை வந்தது.

என் கணவர் பிரான்சிஸுக்கு ஒரே அக்கா, ரோசலி. மலேசியாவில், ஜோகூர் பாருவில் இருக்கிறார். எனக்கு அண்ணி. ஞாயிறுதோறும் காஸ்வே பாலத்தைத் தாண்டி வந்து, எங்களோடு சர்ச்சில் தமிழ்ப் பூசை பார்த்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் போவார். வீடு போய்ச் சேர்ந்ததும் எங்களுக்கு போன் செய்வார். பேச அல்ல. இரண்டு ரிங் விட்டு வைத்துவிடுவார். எடுத்தால்தானே வெளிநாட்டு டிரங்க் கால் காசு? இரண்டு ரிங் வந்தால் "பத்திரமாக வந்துவிட்டேன்" என்று அர்த்தம். நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து இதுதான் வழக்கம். அந்த இரண்டு ரிங் கேட்ட பிறகுதான் இவர் சட்டையைக் கழற்றிவிட்டு டிவி முன்னால் சாய்வார்.

அந்த ஞாயிறுதான் முதல்முறையாகப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமையும் ஓடவிட்டேன்; அண்ணியின் இரண்டு ரிங் வரவில்லை.

டெலிபோன் அடித்தது... ஒரே ரிங். என் மோடம் உடனே எடுத்துவிட்டது. யாரோ கடிதம் படிக்க வந்திருக்கிறார்கள் என்று நாங்கள் விட்டுவிட்டோம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை. அப்புறம் மறுபடியும். அண்ணியிடமிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. இருட்டத் தொடங்கியதும் இவர் எழுந்து காரிடாரில் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து பார்த்தால் எதிர் அடுக்குமாடி புளோக்கும் பஸ் ஸ்டாப்பும்தான் தெரியும்; ஜோகூர் தெரியாது. ஆனாலும் நின்றார். காஸ்வேயில் அன்று கூட்டம் வேறு.

கடைசியில் இவரே டிரங்க் கால் போட்டார். அண்ணி எடுத்தார். அவர் பேசியது ஹாலின் இந்த மூலையில் எனக்குக் கேட்டது.

"மூணு தடவ அடிச்சேன்டா! மூணு தடவையும் எதோ பேய் மாதிரி கத்துது! ஒவ்வொண்ணுக்கும் டிரங்க் கால் காசு! உன் பொண்டாட்டிகிட்ட குடு போன."

வாங்கினேன்.

"ஏன் ஸ்டெல்லா, உன் மெஷின் என்ன இப்படி முந்திரிக்கொட்ட மாதிரி மொத ரிங்லயே பாயுது? வீட்ல மனுசங்க இருக்காங்கன்னு அதுக்குத் தெரியாதா?"

போனை வைத்ததும் பிரான்சிஸ் என் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் திருப்பிப் போட்டிருப்பேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழம அக்கா ரிங் எனக்குக் கேக்கணும். இல்லன்னா இந்த மெஷின் இந்த லைன்ல இருக்கக் கூடாது, ஸ்டெல்லா."

அவர் கேட்டதில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

இன்னொரு லைன் போடலாமே என்றார் குணா. அவருக்கு என்ன, சொல்லிவிட்டார்! மாதாமாதம் பில் கட்டுவது நானல்லவா? ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெட்டியை அணைத்துவிடலாம் என்றார் செல்வம். எல்லோரும் வீட்டில் இருந்து எழுதுவதே அன்றைக்குத்தானே? அண்ணியை ராத்திரி பெட்டியை அணைத்த பிறகு அடிக்கச் சொல்லலாமா என்று நானே ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "நான் எதுக்கு மாத்தணும்? உன் மெஷின மாத்து!" என்று பதில் வந்தது.

சரி, மெஷினையே மாற்றுவோம். முந்திரிக்கொட்டை என்ற சொல் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. என் பெட்டி ஏன் முதல் ரிங்கிலேயே பாய வேண்டும்? சும்மா இரண்டு ரிங் தள்ளி எடுக்க வைத்தால், நாங்கள் ஓடி வருவதற்குள் மற்றவர்கள் காதிலும் அது கத்தும். டெலிபோன் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் மோடம் அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லத்தான் செய்கிறது. அப்படியானால் எண்ணட்டுமே! பெட்டியைக் கூப்பிடுகிறவர்கள் ஒரு ரிங் விட்டு வைத்துவிட்டு, உடனே மறுபடி கூப்பிட வேண்டும். அப்போது பெட்டி எடுக்கும். முதல் தடவையே இரண்டு ரிங் அடித்தால், அது அண்ணி. பெட்டி வாயைத் திறக்கக் கூடாது. தொடர்ந்து அடித்தால் மனிதர்களுக்கு, நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

வாரம் முழுவதும் ஆபீசிலிருந்து வந்து இதைத்தான் எழுதினேன். செல்வமும் குணாவும் தங்கள் பெட்டிகளை இந்த முறைக்கு மாற்றிக்கொண்டார்கள். எல்லோருக்கும் அறிவிப்பும் போட்டாயிற்று.

ஞாயிறு வந்தது. பூசை முடிந்து, அண்ணியும் வந்து, மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். மத்தியானம் உட்லண்ட்ஸ் பெட்டி கூப்பிடும் நேரம். டெலிபோன் அடித்தது. ஒன்று... இரண்டு. நின்றது.

பிரான்சிஸ் பழக்க தோஷத்தில், "அப்பாடா, அக்கா வந்துட்டா" என்றார்.

அண்ணி சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். "நான் இங்கதானடா உக்காந்திருக்கேன்!"

உடனே டெலிபோன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. முன்பு வந்தது இரண்டு ரிங் அல்லவா, என் பெட்டி ஒழுங்குப் பிள்ளையாக வாயை மூடிக்கொண்டிருந்தது. அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. பிரான்சிஸ் போய் எடுத்தார். உட்லண்ட்ஸ் பெட்டி அவர் காதுக்குள் ஆசை தீர விசில் அடித்தது.

நான் செல்வத்துக்கு போன் போட்டேன். "ஒண்ணு விடச் சொன்னா ரெண்டு விடுறீங்களே, தம்பி?"

"அக்கா, நான் ஒண்ணுதான் விட்டேன் லா! இங்க நமக்குக் கேக்கிற ரிங் வேற, அங்க அடிக்கிற ரிங் வேற. சில நேரம் கூட ஒண்ணு அடிச்சிரும். அத நாம கன்ட்ரோல் பண்ண முடியாது."

போச்சு. ஒரு வார வேலை போச்சு! அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று, "இன்னிக்கும் பேய் கத்துச்சுன்னா, நான் இனிமே அடிக்கவே மாட்டேன், பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் லிஃப்டுக்குப் போனார். அவர் பஸ் பிடித்து, காஸ்வே தாண்டி, வீடு போய்ச் சேரும்வரைதான் எனக்கு நேரம்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பாத்திரம் கழுவவில்லை. இவர் கழுவினார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எண்ணுவதில்தானே தகராறு? எண்ணவே வேண்டாம் என்றால்? ஒன்றோ இரண்டோ, அடித்து நிற்கட்டும். அப்புறம் என்ன நடக்கிறது? பெட்டியைத் தேடி வருகிறவர்கள் உடனே திரும்பி அடிப்பார்கள். அண்ணி திரும்பி அடிக்கவே மாட்டார். அவர் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டாரே! ஆக, நின்ற ரிங் அரை நிமிடத்துக்குள் திரும்பி வந்தால் பெட்டிக்கு, வராவிட்டால் அண்ணி. பார்க்கவேண்டியது ரிங்கை அல்ல, அதற்குப் பிறகு வரும் அமைதியை. எழுதியதில் பாதியை அழித்தேன். புதிதாக எழுதியது ஏழெட்டு வரிதான். நல்ல புரோகிராம் எப்போதும் இப்படித்தான், முதலில் எழுதியதைவிடச் சின்னதாக இருக்கும்.

இவருக்கும் விளக்கினேன். "ரெண்டு ரிங் வந்து நின்னதும் குதிக்காதீங்க. கொஞ்சம் பொறுங்க. திரும்பி அடிச்சா என் ஆளுங்க. அடிக்கலன்னா உங்க அக்கா."

"லைன் எங்கேஜ்டா இருந்தா?"

"அப்ப அண்ணிக்குக் காசு போகாது. மறுபடி அடிப்பாங்க."

தலையை ஆட்டினார். நம்பிக்கையோடு ஆட்டினார் என்று சொல்லமாட்டேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். இரண்டு ரிங். நின்றது. பெட்டி மூச்சுவிடவில்லை. நாங்களும்தான். கடிகாரத்தைப் பார்த்தோம்... அரை நிமிடம் போனது. அதற்குமேலும் போனது. ஒன்றும் வரவில்லை.

"அக்கா வந்துட்டா!" என்று கத்திவிட்டு இவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். நான் கைதட்டினேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்... ஆபீசில் எத்தனையோ பெரிய புரோகிராம் எழுதியிருக்கிறேன், ஒன்றுக்காவது இப்படிக் கைதட்டியதில்லை.

சற்று நேரத்தில் மறுபடி ஒரு ரிங். நின்றது. உடனே திரும்பி வந்தது. பெட்டி எடுத்தது — விசில்! மத்தியானம் வாசலோடு திரும்பிப்போன உட்லண்ட்ஸ் கடிதங்கள் எல்லாம் திரையில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

பிரான்சிஸ் டிவியிலிருந்து தலையைத் திருப்பாமலேயே சொன்னார்: "உன் ஆளுங்களும் வந்துட்டாங்க."

இந்த முறைக்கு செல்வம் இங்கிலீஷில் நீளமாக ஏதோ ஒரு பெயர் வைத்தார். என் பெட்டி, என் சட்டம் என்று நான் 'ரோசலி ரூல்' என்றே போட்டேன். இப்போது மூன்று பெட்டியிலும் அந்தப் பெயர்தான் ஓடுகிறது. குணா வீட்டில் குழந்தை தூங்குகிறதென்று ஒரு ரிங்கோடு வைத்துவிடுகிறவர்களுக்கும் அதே ரூல்தான்.

வீட்டுக்குள் எத்தனை புத்திசாலி மெஷினைக் கொண்டுவந்தாலும், அந்த வீட்டின் பழக்கத்தை அதற்குச் சொல்லிக்கொடுத்துத்தான் ஆகவேண்டும். மருமகளாக வந்த என்னிடம் கேட்டால் தெரியாதா?

புதன்கிழமை ஜோகூரிலிருந்து போன். தொடர்ந்து அடித்தது, நான்தான் எடுத்தேன். அண்ணி!

"ரூலுக்கு என் பேரா வச்சிருக்க? தம்பி சொன்னான். அது கெடக்கட்டும், மீன் தலைக்குத் தக்காளி போடச் சொல்றவன் யாரு? அவனுக்கு நான் சொல்றேன், நீ டைப் அடி..."

நான் அடித்தேன். புளியை எப்போது கரைப்பது, எப்போது ஊற்றுவது, தக்காளி போடுகிறவர்களை என்ன செய்வது — அத்தனையும் அண்ணி சொல்லச் சொல்ல அடித்தேன். மறுநாளே உட்லண்ட்ஸிலிருந்தும் பாசிர் ரிஸ்ஸிலிருந்தும் பதில்கள் குவிந்துவிட்டன. எங்கள் கூட்டத்தில் ஜோகூர் பாருவும் சேர்ந்தாயிற்று, அதுவும் கம்ப்யூட்டரே இல்லாமல்.

டிரங்க் கால் காசைப் பற்றி அண்ணி மூச்சே விடவில்லை!