கந்தளாய் வாய்க்கால் மண்

திருகோணமலை ரெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு முப்பது வயது கடந்திருந்தது. கலியாணப் பேச்சுகள் ஓய்ந்துவிட்டன. துறைமுகப் பக்கம் ஓர் ஒழுங்கையில் ஒற்றை அறையும் குசினியுமாக இருந்த வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தேன். பகல் முழுக்க லைன் இணைத்துக் கொடுக்கும் வேலை, காதுக்குள் ஆட்களின் குரல். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் ஒன்றும் கேட்காது.

பக்கத்து வீட்டுப் பறங்கிக் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது, அந்த வீட்டு அம்மா தங்கள் மீன்தொட்டியை என்னிடம் தந்தார். "உமக்கு ஒரு துணை, பிள்ளை" என்றார். இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி, கொஞ்சம் கப்பி மீன்கள். அடியில் கிடந்த கூழாங்கற்களை மட்டும் அவர் பிள்ளைகள் விட்டுப்போக மறுத்துவிட்டார்கள்.

வெறுங்கண்ணாடியின் மேல் மீன்கள் நிற்பதைப் பார்க்க என்னவோபோல் இருந்தது. கடற்கரையில் மாவு மாதிரி வெள்ளை மணலை அள்ளி வந்து, உப்புப் போக வாளியில் அலசி, ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டினேன். அழகாகத்தான் இருந்தது. நாள் போகப் போக மணல் இறுகிக் கண்ணாடியோரம் கறுப்புத் திட்டுகள் தெரிந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுத்தமாக்குவோம் என்று கையை விட்டு அடிவரை கிளறினேன். கூழ்முட்டை நாற்றத்தோடு குமிழிகள் கிளம்பின. பொழுதுபடுவதற்குள் எல்லா மீனும் செத்து மிதந்தன.

அதைச் சொல்ல எனக்கு ஒருவருமில்லை. அடுத்த நாள் மத்தியானம், அழைப்புகள் ஓய்ந்திருந்த நேரத்தில், கந்தளாய் தபால் கந்தோரில் லைன் பார்க்கும் பெண்ணிடம் சொன்னேன். அவளை நான் கண்டதில்லை. வேலை விஷயம் தவிர அதுவரை ஒன்றும் கதைத்ததுமில்லை.

அவள் சிரிக்கவில்லை. "எங்கட வாய்க்கால் மண் கொஞ்சம் பருமன், இறுகாது, அக்கா. அயிரை மீன் அதுக்குள்ளதான் பூந்து கிடக்கும். அனுப்பி விடட்டா?"

"மண்ணையா? பஸ்ஸிலயா?"

"ஓம். கொண்டக்டர் எங்களுக்குத் தெரிஞ்ச ஆள்."

சொன்னபடியே ஒரு பை மண் வந்தது. கூடவே ஒரு போத்தலில் ஒற்றை அயிரை. கலங்கல் தெளியும்வரை மண்ணைக் கழுவி, இந்த முறை இரண்டு விரல் உயரத்துக்கு மட்டும் பரப்பினேன். அயிரை தலைகீழாகப் பாய்ந்து மண்ணுக்குள் மறைந்தது. உற்றுப் பார்த்தால் இரண்டு கண் தெரியும், அவ்வளவுதான். ஞாயிறுதோறும் கம்பளி பின்னும் ஊசியால் ஒரு மூலையை மெல்லக் கிளறுவேன். அடுத்த ஞாயிறு மற்ற மூலை. மேலே படிந்த அழுக்கை றப்பர் குழாயால் உறிஞ்சி எடுப்பேன்.

"மண் என்ன மாதிரி, அக்கா?" மத்தியானத்தில் அவள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். மண்ணில் தொடங்கி அவள் தகப்பனின் இருமல், என் சமையல் என்று கதை நீளும். தொட்டிக்கு முன்னால் குந்தியிருக்கும்போதெல்லாம் நாளைக்கு அவளிடம் எதைச் சொல்லலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அவள் தன் கலியாணத்துக்குக் கூறைச்சீலை எடுக்க டவுனுக்கு வந்தாள். தாயைக் கடையில் இருத்திவிட்டு என் வீடு தேடி வந்தாள். குரலை வைத்து உயரமான ஒருத்தியை நினைத்திருந்தேன். வந்தவள் சின்ன உருவம். லைனின் இரைச்சல் இல்லாத அந்தக் குரல் எனக்குப் பழக்கமில்லை. தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்தபடி அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"மீன் எங்க?"

"மண்ணுக்குள்ள. வெளிய வரும், பொறுங்கோ."

கதிரைகளை இழுத்துப் போட்டுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று எழும்பினாள். வாசலில், "கலியாணத்துக்குப் பிறகு வேலையை விடச் சொல்லுகினம், அக்கா" என்றாள். நல்லதென்று சொன்னேன். அவளுடைய கோப்பையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் அயிரை கண்ணாடியோரம் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்கை முனைவரை ஓடிப்போனேன். அவளைக் காணவில்லை.

அவள் இடத்துக்கு ஓர் ஆண் வந்தார். நம்பரைக் கேட்பார், லைனைத் தருவார், கழற்றிவிடுவார்.

அடுத்த மாரிக்குள் அயிரை செத்தது. வேறு மீன் நான் விடவில்லை. என்றாலும் தண்ணீரை மாற்றினேன், ஞாயிறுகளில் மண்ணைக் கிளறினேன்.

வெகுநாளைக்குப் பிறகு வவுனியாவிலிருந்து ஒரு ட்ரங்க் கோல், எனக்குத்தான். அவள். பக்கத்தில் குழந்தை ஒன்று வீரிட்டு அழுதது. "என்னக்கா, சுகமா?" என்றாள். "ஓம்" என்றேன். சொல்ல நிறைய இருந்தது. அதற்குள் குழந்தையைத் தூக்கப் போய்விட்டாள்; திரும்பி வந்து, "கேக்குதாக்கா?" என்றாள். கேட்குது என்றேன். மூன்று நிமிடம் முடியப் போகிறதென்பதை, மற்ற ஆட்களுக்குச் சொல்வதுபோல, நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். "சரி அக்கா, வைக்கிறன்" என்றாள். லைனைக் கழற்றினேன். பிறகு அவள் கோல் எடுக்கவில்லை. அவளுடைய நம்பரை நானும் கேட்டு வைத்திருக்கவில்லை.